கதவு நிலையில் வெண்கட்டி

அத்தானின் தம்பி ஜேர்மனியிலிருந்து வந்த மூன்றாம் நாள், எங்கள் குசினிக் கதவைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டுச் சீவினான். மழை தொடங்கினால் அந்தக் கதவு ஊதி இறுகிவிடும்; தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். அதைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரருக்கு நான் மூன்று கடிதங்கள் எழுதியிருந்தேன். மூன்றும் நல்ல கடிதங்கள். மூன்றாவதை எழுத அகராதியோடு ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்தேன். அவன் சீவுளியோடு இருந்தது பத்து நிமிடம்.

அவன் அதைத் திரும்ப மாட்டியதும் அக்கா ஒற்றை விரலால் கதவைத் தள்ளினா. திறந்தது. திரும்ப இழுத்தா. மூடியது.

"பாத்தியே, கடிதம் போடாமலே கதவு திறக்குது" என்றா என்னைப் பார்த்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, தரையில் சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவலைக் கூட்டி அள்ளியது நான்தான்.

அந்த வீட்டில் நான் யார் என்று சொன்னால்தான் இது விளங்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவ. கோலியர்ஸ் வுட்டில் அக்கா, அத்தான், அவர்களுடைய ஏழு வயது மகள் என்று அவர்களோடு நான் இருந்த அந்த வருடங்களில், வாசல் பாயில் விழும் ஒவ்வொரு பழுப்புக் கடித உறையும் என் கைக்குத்தான் வரும். நிரப்ப வேண்டிய கவுன்சில் போம், அரச உதவிப் பணத்துக்குப் பெனிபிட் போம், அத்தான் ஷிப்ட் மாற்றிக் கேட்கும் கடிதம், பக்கத்துத் தெருக்காரரின் பாஸ்போட் விண்ணப்பம், எல்லாம் நான். "உவன் படிச்சவன், உவனிட்டைக் குடுங்கோ" என்று சொல்லும்போது அக்காவின் குரல் ஒரு படி உயரும். பகலில் டூட்டிங்கில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் பால் அடுக்குகிறவன்தான். வீட்டுக்குள் காலை வைத்தால் நான் படித்தவன். எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வாரத்தில் இரண்டு மாலை ஒரு கல்லூரிக்குப் போனேன். பிந்திப் படிக்கத் தொடங்கியவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் வகுப்பு. ஆசிரியை ஓர் ஆங்கிலப் பெண்மணி. மற்றவர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள். எனக்கு வாய் வராது, "மிஸ்" என்பேன். ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்து, தை மாதம் (எங்கள் ஆட்களுக்கு ஜனவரிதான் தை) வகுப்பில் பேசி, பிறகு கட்டுரையாகக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் மிஸ் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவா. கடிதம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் எனக்குப் பால்தான்.

நான் எடுத்தது, ஜேர்மன் சிறு நகரங்களின் பழைய வீடுகளும் அங்குள்ளவர்களின் பனிக்கால நம்பிக்கைகளும். அதை எடுத்தது அவன் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிறகு எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று நினைத்தார்கள். நூலகத்தில் ஒரு படப்புத்தகம் கையில் அகப்பட்டது. மரச்சட்டங்களை வெளியே தெரியவிட்டு, இடைவெளியைக் களிமண்ணாலும் வைக்கோலாலும் அடைத்துச் சுண்ணாம்பு பூசிய வீடுகள். மேல்மாடி கீழ்மாடியைத் தாண்டி ஒரு முழம் தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். கூரையெல்லாம் பனி. இப்படியொரு தெரு உலகத்தில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் அப்படியொரு தெருவில் வளர்ந்தவன்.

அதை அவன் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. குசினி மேசையில் நான் விரித்து வைத்திருந்த புத்தகத்தைத் தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான்.

"இதென்ன மச்சான், எங்கடை தெருவை வைச்சுப் படிக்கிறாய்?"

"உங்கடை தெருவோ?"

"இதில்லை, இது மாதிரி ஒண்டு. நாங்கள் இருந்த வீடு நானூறு வருசப் பழசு. மேல்மாடியிலை பந்தை வைச்சால் தானா உருண்டு மற்ற மூலைக்குப் போயிடும்." ஈர விரலைப் படத்தின் மேல் வைத்தான். "இந்தக் குறுக்குச் சட்டம் பிந்தி வைச்சது."

புத்தகத்தில் அப்படி இல்லை என்றேன்.

"புத்தகத்திலை இராது, மரத்திலை இருக்கும். பார், இது தச்சன் வெட்டின எண். முழுச் சுவரையும் முதல் நிலத்திலை வைச்சுப் பொருத்திப் பாக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் எண் வெட்டி, கழட்டி, பிறகுதான் வரிசைக்குத் தூக்கி நிறுத்திறது. இந்தச் சட்டத்திலை எண் இல்லை. அப்ப ஆரோ பிந்திச் செருகினதுதானே."

உற்றுப் பார்த்தேன். சட்டங்களின் மூலைகளில் சின்னச் சின்னக் கீறல்கள். மாதக்கணக்காகப் பார்த்த படம். மரம் வெடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அவன் என்னைவிட ஒரு வயது இளையவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று வருடம் தச்சு வேலை பழகி, அந்த நகரத்தின் பழைய வீடுகளைத் திருத்துகிறவர்களோடு ஐந்து வருடம் வேலை செய்தவன். இங்கே வந்து ரெய்னர்ஸ் லேனில் எங்கள் ஆள் ஒருவரிடம் கூரையறை கட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எங்கள் ஆட்களின் பேச்சில் அதற்குப் படிப்பு என்று பெயர் இல்லை. அதுதான் என்னை எரித்தது. பட்டம் பெற்ற ஒருவன் வந்து அந்தக் கீறல்களைக் காட்டியிருந்தால் வணங்கியிருப்பேன்.

மார்கழி வந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, முன்னறைக் கதிரையில் அவன், அவன் காலடியில் அக்காவின் மகளான என் மருமகள், வாசலில் கரண்டியோடு அக்கா. முன்பென்றால் மருமகள் ஓடி வந்து "மாமா, கதை" என்பாள். அன்றைக்குக் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"ஷ்ஷ் மாமா. சித்தப்பா சொல்லுறார்."

பெர்க்தா என்கிற பனிக்காலக் கிழவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒரு கால் வாத்துக்கால். வருடக் கடைசியில் வீடு வீடாக வந்து, நூல் நூற்று முடித்தாயா என்று பார்ப்பாள். முடிக்காதவளின் வயிற்றைக் கிழித்து, உள்ளே உள்ளதை எடுத்துவிட்டு, வைக்கோலை அடைத்துத் தைத்துவிடுவாள்.

"அங்கத்தை வீட்டுச் சுவர் மாதிரி" என்றான். "வெளியாலை வடிவு, உள்ளுக்கை வைக்கல்."

மருமகள் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "ஹோம்வேர்க் செய்யாட்டியும் வருவாவோ?"

"ஹோம்வேர்க்குக்குத்தான் முதல் வாறவ."

அதே கிழவியைப் பற்றி நானும் அவளுக்குச் சொல்லியிருந்தேன், ஐப்பசியில், குறிப்பைப் பார்த்து. அவள் நித்திரையாகிவிட்டாள். அவள் நித்திரையானதைக்கூட மன்னிக்கலாம். அந்தக் கிழவியையும் அந்தச் சுவரையும் ஒரே வசனத்தில் சேர்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டையும் தனித்தனிக் கொப்பியில் அல்லவா எழுதி வைத்திருந்தேன்.

பிறகு அந்தப் பன்னிரண்டு நாள் வந்தது. நத்தாரிலிருந்து, அதாவது கிறிஸ்மஸிலிருந்து, தை ஆறு வரையும் வானத்தில் ஒரு பேய்க்கூட்டம் வேட்டைக்குப் போகுமாம். கொடியில் உடுப்புக் காயப் போட்டால் அந்தக் கூட்டம் அதில் சிக்கும். சிக்கினால் அந்த வீட்டில் ஒரு சாவு. ஜேர்மனியில் அவர்களுக்குக் கீழ்மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா சொல்லி, அவனுடைய தாயாரும் அந்த நாட்களில் உடுப்புத் தோய்க்க மாட்டாவாம். அந்த அம்மா தணல் சட்டியில் சாம்பிராணி மாதிரி ஒன்றைப் போட்டு அறை அறையாகப் புகை காட்டுவா. இவர்களும் மாடியில் காட்டுவார்களாம். அக்கா அதைக் கேட்ட கையோடு வோஷிங் மெஷினை நிறுத்திவிட்டா.

"அக்கா, இது வெறும் நம்பிக்கை. நான் இதைத்தானே படிக்கிறன்."

"படி. நான் தோய்க்கேல்லை."

"நான் வேலைக்கு என்னத்தைப் போடுறது?"

"மார்கழியிலை நாங்களும் நல்ல காரியம் செய்யிறேல்லைத்தானே. அவை சொல்லுறதும் சரியாத்தான் கிடக்கு. கிடக்கிறதைப் போட்டுக்கொண்டு போ."

ஒரே வேலைச் சேர்ட்டைப் பவுடர் போட்டுப் பவுடர் போட்டு உடுத்தேன். ஒன்பதாம் நாள் சுப்பர்வைசர் என்னைப் பால் பகுதியிலிருந்து மீன் பகுதிக்கு மாற்றினார். காரணம் சொல்லவில்லை.

தை ஆறாம் திகதி அவன் ஏணிப்படியில் ஏறி, எங்கள் வாசல் கதவின் மேல்நிலையில், உட்பக்கமாக, வெண்கட்டியால் எழுதினான். அந்த வருடத்தின் எண்ணை இரண்டாக உடைத்து இரண்டு முனையிலும். நடுவே மூன்று எழுத்து, இடையிடையே சிலுவை. அங்கே சின்னப் பிள்ளைகள் நத்தார்க் கதையில் வரும் மூன்று ராசாக்கள் மாதிரி உடுத்து, தடியில் நட்சத்திரம் கட்டி, பாடிக்கொண்டு வந்து ஒவ்வொரு வாசலிலும் இதை எழுதுவார்களாம். நடுவில் உள்ளவை ராசாக்களின் பெயரெழுத்துகள்; அடுத்த வருடம் வரைக்கும் வீட்டுக்குக் காவல் அது. மருமகள் கைதட்டினாள்.

"நாங்கள் போன முதல் வருசம் ஒரு கூத்து நடந்தது, அண்ணி" என்று ஏணியில் நின்றபடியே அக்காவுக்குச் சொன்னான். "எழுதி ஒரு கிழமைதான். பொங்கல் வருதெண்டு அம்மா வீடு கழுவினவ. ஆரோ பொடியள் கிறுக்கிப் போட்டாங்கள் எண்டு நினைச்சு, சவர்க்காரம் போட்டு நிலையைத் தேய்ச்சுக் கழுவிப் போட்டா."

அக்கா வாயில் கையை வைத்தா. "ஐயோ! பிறகு?"

"பிறகென்ன, கீழை இருந்த அம்மா முகம் பாத்துக் கதைக்கேல்லை. என்ன செய்தனாங்கள் எண்டும் எங்களுக்கு விளங்கேல்லை. பொங்கல் கொண்டுபோய்க் குடுத்தம், வாங்கேல்லை. கதவைச் சாத்திப் போட்டா."

அப்போது அத்தான் ஹவுன்ஸ்லோவுக்குப் பின்னேர ஷிப்டுக்குப் போகக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. ஏணியை மடக்கினார்கள். கதை அதோடு நின்றது.

பொங்கலுக்கு முதல் நாள் அக்கா வீட்டைக் கழுவத் தொடங்கினா. நானாகவே வாளியையும் துணியையும் எடுத்தேன். "பாரடா, படிச்சவர் வேலை செய்யிறார்" என்றா. கதிரையை வாசலில் போட்டு ஏறினேன். முதலில் துடைத்தது அதைத்தான். ஒரே இழுப்பில் போகவில்லை. மரத்தின் கீறலுக்குள் வெள்ளை நின்றது. துணியைப் பிழிந்து இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தேன். நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என்ன சாட்டுச் சொல்லலாம் என்பதும் தெரியும்; அவன்தானே அதைத் தந்திருந்தான்.

பள்ளியால் வந்த மருமகள் மேலே பார்த்துவிட்டு அழுதாள்.

"பொங்கலெல்லோ, அம்மாச்சி. மறந்து போனன்" என்றேன் அவளிடம்.

அவன் வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்றும்போது நிமிர்ந்து பார்த்தான். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். "எங்கடை அம்மா மாதிரியே செய்து போட்டாய், மச்சான்." எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் என் முறை. இருபது நிமிடம். முதல் பன்னிரண்டு நிமிடம் குறிப்பைப் பார்த்து வாசித்தேன். முன்வரிசையில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னால் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். மிஸ்ஸின் பேனா எழுதாமல் இருந்தது. கடதாசியைக் கீழே வைத்தேன். "வெளியே அழகு, உள்ளே வைக்கோல்" என்று தொடங்கினேன். பேனா அசைந்தது. தச்சன் வெட்டிய எண்களைச் சொன்னேன். பிறகு, ஒரு சிறு நகரத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து குடியிருந்த ஒரு குடும்பம், தங்கள் பண்டிகைக்கு வீடு கழுவும்போது வாசலில் எழுதியிருந்த காவலையும் கழுவிவிட்டது என்று சொன்னேன். கொட்டாவி விட்ட பெண் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மிகவும் நல்லது. அந்தக் குடும்பத்தைப் பற்றி எங்கே வாசித்தாய்?" என்று கேட்டா மிஸ்.

"ஒரு ஜேர்மன் புத்தகத்தில்."

"உனக்கு ஜேர்மன் தெரியுமா?"

"கொஞ்சம்."

எனக்குத் தெரிந்தது மூன்று சொல். மூன்றும் அவனுடைய தச்சு ஆயுதப் பெட்டியில் உள்ளவற்றின் பெயர்கள். அவன் எடுத்துத் தா என்று கேட்கும்போது பழகியவை.

"அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கட்டுரையோடு வை. பார்த்துவிட்டு உன்னுடைய கடிதத்தை எழுதுகிறேன்" என்றா.

நூலகத்தில் நாலு ஜேர்மன் புத்தகம் எடுத்தேன். படத்தைப் பார்த்து, பொருத்தமான ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துவிடலாம் என்பது யோசனை. கதவும் பனியும் இருந்த ஒரு பக்கத்தைப் பிரதியும் எடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் அவனிடம் காட்டி வாசிக்கச் சொன்னால் ஒரு நிமிட வேலை. அதைத்தான் என்னால் செய்ய ஏலாது. கதையை எடுத்துவிட்டு எழுதலாமா என்றும் பார்த்தேன். எடுத்தால் மிஞ்சியது அந்தப் பன்னிரண்டு நிமிடம்.

கட்டுரை கொடுக்க நாலு நாள் இருக்கும்போது, வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த மிஸ்ஸிடம் போய், புத்தகம் இல்லை, அக்காவின் கணவருடைய தம்பி சொன்னது என்று சொன்னேன்.

"ஏன் புத்தகம் என்றாய்?"

"அவன் படித்தவன் இல்லை, மிஸ். தச்சன்."

அவ ஒரு கதிரையைத் திரும்ப எடுத்துப் போட்டு உட்கார்ந்தா. "நீ எழுதுவது தச்சர்கள் கட்டிய வீடுகளைப் பற்றி" என்றா. அவ்வளவுதான். அதைவிட ஏசியிருக்கலாம். பிறகு வேலையைச் சொன்னா. அவன் சொல்வதை அவன் வாயால் கேட்டு எழுது. எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டு. அவன் சம்மதித்தால் மட்டும் போடு. அவன் மறுத்தால், அந்தக் கதை இல்லாத கட்டுரையை வைத்துத்தான் முடிவு எடுப்பேன் என்றா.

ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் கொப்பியோடு அவனுக்கு முன் உட்கார்ந்தேன். வகுப்பில் சொன்னதையும், புத்தகம் என்று புளுகியதையும் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னைப் புத்தகமாக்கிப் போட்டாய். எத்தினை பக்கம்?"

"பகிடியை விடு. கடைசியிலை என்ன நடந்தது? அண்டைக்கு நீ முடிக்கேல்லை."

"அம்மா அழுதுகொண்டு இருந்தவ. எனக்குப் பன்ரெண்டு வயசு. பள்ளிக்கூடத்து வெண்கட்டி ஒண்டை எடுத்துக்கொண்டு வந்து, முக்காலியிலை ஏறி நானே திரும்ப எழுதினன். சரியான கோணல். அடுத்த நாள் அந்த அம்மா வெளியிலை வந்து நிமிந்து பாத்தா. ஆரின்ரை கையெழுத்தெண்டு விளங்கியிருக்கும். பின்னேரம் மாடியேறி வந்து, பொங்கல் மிச்சம் கிடக்கோ எண்டு கேட்டா."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். ஓம், சரி என்றான். பெயர் போடலாமோ என்று கேட்டேன்.

"பேர் ஏன்? தச்சன் எண்டு போடு, அது போதும்." எழுந்தவன் திரும்பக் கதிரையில் இருந்தான். "இன்னொண்டு, மச்சான். இதை எழுதிறதும் விடுறதும் உன்ரை விருப்பம். நீ அண்டைக்குப் பொங்கலுக்கெண்டு துடைக்கேல்லை."

"ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?"

"மேல்நிலையிலை எழுத்து இருந்த ரெண்டு சாண் மட்டும்தான் துடைச்சுக் கிடக்கு. ரெண்டு பக்கமும் தூசி அப்பிடியே. பொங்கலுக்குத் துடைக்கிறவை அப்பிடித் துடைக்கிறேல்லை. அம்மா நிலை முழுக்கக் கழுவினவ."

கொப்பியை மூடினேன். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? உன்னைப் படிச்சவன் எண்டு சொல்லேக்கை அண்ணியின்ரை முகத்தைப் பாத்திருக்கிறியோ நீ?" எழும்பிப் போய், கோப்பையைக் கழுவத் தண்ணீரைத் திறந்தான். "அதோடை எனக்கு நாளைக்கு ஒரு போம் நிரப்ப வேணும். உன்னைப் பகைச்சுப்போட்டு ஆரிட்டைப் போறது?"

அன்றைக்கு நிலை முழுவதையும் கழுவினேன், மேலும் கீழும், பக்கங்களும். காய்ந்த பிறகு அவன் வெண்கட்டியை என் கையில் தந்தான். எழுதினேன். கையெழுத்தில் மட்டும் அவனைவிட நான் மேல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மருமகள் தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"சித்தப்பா எழுதினதுதான் நேர்" என்றாள்.

மிஸ் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது, சரி அடையாளங்கள் எல்லாம் கடைசி இரண்டு பக்கத்தில் நின்றன. கடிதம் எழுதினா. பங்குனியில் ஒரு காலை, பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு ஒரு தடித்த உறை பாயில் விழுந்தது. அக்காவுக்கு இங்கிலிஸ் வாசிக்க ஏலாது, முத்திரை தெரியும். எடுத்து, பக்கத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த அவனிடம் நீட்டினா.

"என்னவாம்? பாரும் தம்பி."

அவன் உறையைத் திறக்கவில்லை. மேலே எழுதியிருந்த என் பெயரைப் பார்த்துவிட்டு, படியில் நின்ற என்னிடம் தந்தான்.

"மச்சான் படிச்சவர், அண்ணி. அவரிட்டைக் குடுங்கோ."

அதில் பகிடி இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இல்லை. உறையைக் கிழிக்கும்போது, உள்ளே இடம் தந்திருக்கிறார்களா இல்லையா என்பதைவிட, இவன் எப்படி எதையும் இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுகிறான் என்றுதான் எரிந்துகொண்டிருந்தேன். இடம் தந்திருந்தார்கள். அக்கா முதலில் கட்டிப்பிடித்தது என்னைத்தான். அதைக் கவனித்துவைத்தேன்.